மூன்றாவது சில்லுக்கு எங்கே புள்ளடி போடுவது?

ஓடுகிற மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. பிஸ்கட் பெட்டியோடு பார்க்க வருவார்கள். "என்ன ஸ்பீட்டில வந்தனீ?" என்று கண் விரியக் கேட்பார்கள். நின்றுகொண்டிருக்கிற மோட்டார் சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. நான் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவள். அதுவும் பௌதிகவியலில் பட்டம் வாங்கி, புவியீர்ப்பு மையத்தைப் பற்றி அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் பேசக்கூடிய நிலையில், கிளிநொச்சியில் ஒரு இன்சூரன்ஸ் கந்தோர் வாசலில், முழு ஊழியர்களும் பார்த்துக்கொண்டிருக்க விழுந்தேன்.

ஆறு வருடமாகிறது. முழங்கைத் தழும்பு மங்கிவிட்டது. கதைதான் மங்க மாட்டேனென்கிறது.

முதலில் வண்டியைச் சொல்ல வேண்டும். என் தாத்தா மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் ஃபக்டரியில் மெசின் திருத்தியவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிளோடு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார். (மற்றச் சனம் மண்வெட்டியோட வந்தது, எங்கட ஐயா சைட்காரோட வந்தவர் என்று அப்பா இப்போதும் சொல்லுவார்.) நம்பர் தகட்டில் 'ஸ்ரீ' எழுதிய பழைய காலத்து வண்டி. உதைத்தால் ஒரு தரம் இருமும், இரண்டாம் தரம் தும்மும், மூன்றாம் தரம் பக்கத்து வளவுக் கோழிகளெல்லாம் வேலிக்கு மேலால் பறக்கும்.

ஒற்றைச் சில்லோடு பக்கத்தில் பூட்டிய அந்தச் சைட்காருக்கு எங்கள் வீட்டில் பெயர் 'தொட்டில்'. அம்மா கலியாணம் முடித்து முள்ளியவளையிலிருந்து ஜெயபுரத்துக்கு வந்தது அந்தத் தொட்டிலில்தான். கூறைச் சேலை, மடியில் ஒரு பலாப்பழம். பெற்றோல் கிடையாத காலம். வண்டி மண்ணெண்ணெயில் ஓடியது. வந்து இறங்கிய பெண்ணைப் பார்க்கச் சுற்றி நின்ற சனம் மூக்கைப் பொத்தியதாக அப்பா சொல்லுவார். அது பலாப்பழ மணம் என்பார் அம்மா. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு சண்டையில் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தபோது, அப்பா வண்டிக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி, வளவுக்குள் கிடங்கு வெட்டிப் புதைத்தார். தொட்டிலைத் தனியாகப் புதைத்தார். அதற்குள் அம்மாவின் அண்டா, குத்துவிளக்கு, தையல் மெசினின் தலை. வண்டியின் பதிவுப் புத்தகத்தை மட்டும் காணி உறுதியோடு ஒரே பையில் போட்டுப் போன இடமெல்லாம் காவித் திரிந்தார். திரும்பி வந்து தோண்டினோம். வீடு இருக்கவில்லை. மோட்டார் சைக்கிள் இருந்தது.

படிப்பு முடித்து, வேலைக்கான கடிதத்தை எதிர்பார்த்து வீட்டில் இருந்த அந்த வருடம்தான் எனக்கு அந்த வண்டியில் பைத்தியம் பிடித்தது. சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை நான். இரண்டு மாதம் துரு சுரண்டினேன். இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து கார்பரேற்றரைப் பிரித்துப் பூட்டினேன். (பூட்டியபின் மூன்று சாமான் மிஞ்சியது. வண்டி ஓடியது. அந்த மூன்றும் எதற்கு என்று இன்றுவரை தெரியாது.) அறுவடை முடிந்த எங்கள் வயலிலேயே, தொட்டிலுக்குள் இரண்டு நெல்மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓடப் பழகினேன். நெல்மூட்டைகள் ஒரு நாளும் பயந்து கத்தவில்லை. நான் நல்ல ஓட்டி என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு பழைய வாகனப் பிரியர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாங்கிப்போக அடுத்த சனிக்கிழமை லொறியோடு வருகிறேன் என்றார். அப்பாவுக்கு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்க வேண்டுமென்று பல வருட ஆசை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமைக்கிடையில இதுக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக் காட்டு. எடுத்தா வைச்சிருப்பம். இல்லாட்டி சனிக்கிழமை லொறியில ஏத்துவம். ஓடாமல் நிக்கிற வண்டிக்கெல்லாம் நான் கொட்டில் போட ஏலாது."

"இவ்வளவுதானே அப்பா?" என்றேன்.

அம்மா ஈரத்துணியால் தொட்டிலின் சீற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருந்தது ரியூசன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த சின்னத் தொகை. அதற்குள் அடங்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதிதான் என் இலக்கு. மோட்டார் சைக்கிளுக்கு அது ஐந்து நிமிட வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். முதல் கம்பனிக்குப் போன் எடுத்தேன்.

"என்ன வாகனம் மிஸ்?"

"மோட்டார் சைக்கிள்."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒருவரும் கேட்காததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"சைட்காரோட சேர்த்து மூண்டு சில்லு," என்றேன்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "மூண்டு சில்லெண்டா ஓட்டோ மிஸ்."

"ஓட்டோ இல்லை. மோட்டார் சைக்கிள்."

"ஹயர் ஓடுறதோ, சொந்தப் பாவனையோ?"

"சொந்தப் பாவனை."

"பின்னுக்கு எத்தினை பேர் இருக்கலாம்?"

"பின்னுக்கு இல்லை, பக்கத்தில. அம்மா இருப்பா."

"அம்மா மட்டுமோ?"

"அம்மா மட்டும்தான்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓட்டோவுக்குரிய தொகையைச் சொன்னார். அந்தக் காசுக்கு ஒரு ஓட்டோவின் கால்வாசியையே வாங்கிவிடலாம் போலிருந்தது.

இரண்டாவது கம்பனிக்கு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கே போனேன். கணினிக்கு முன்னால் இருந்த அண்ணை நல்ல மனிசன். வண்டி செய்த வருடத்தைத் தெரிவு செய்யப் பட்டியலைக் கீழே இழுத்தார். இழுத்தார், இழுத்தார். பட்டியல் முடிந்துவிட்டது. எங்கள் வண்டியின் வருடம் வரவில்லை.

"இதுக்குப் பிறகு வருசமே இல்லைத் தங்கச்சி," என்றார், ஏதோ தன் பிழை மாதிரி. "கடைசியா எப்ப இன்சூரன்ஸ் எடுத்தது?"

"தெரியாது அண்ணை. நான் பிறக்க முந்தி."

"அப்ப இவ்வளவு காலமும் வண்டி எங்க நிண்டது? கராச்சிலயோ?"

"கொஞ்சக் காலம் மண்ணுக்குள்ள."

வேறு ஊர்க்காரர் என்றால் சிரித்திருப்பார். அவர் சிரிக்கவில்லை. மெல்லத் தலையாட்டினார். "எங்கட தண்ணிப் பம்பையும் அப்பிடித்தான் தாட்டனாங்கள். திரும்பி வந்து பாக்கேக்குள்ள கிடங்கு இருந்தது, பம்ப் இல்லை."

பிறகு அவர் கணினியைப் பார்த்தார். கணினிக்கு இதெல்லாம் விளங்கவில்லை.

மூன்றாவது கந்தோரில்தான் பிரதீபன் இருந்தான். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ரை, காதில் பேனை. படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினான். இரண்டே இரண்டு பெட்டிகள்: மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி.

"இந்த மூண்டாவது சில்லுக்கு நான் எங்க புள்ளடி போடுறது மிஸ்?" என்று கேட்டான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சைட்காரைக் கழட்டிப்போட்டு வண்டியை மட்டும் கொண்டுவாங்கோ. பழைய வண்டியெண்டபடியா ஒருக்கா கண்ணால பாக்க வேணும். ரெண்டு சில்லெண்டா மோட்டார் சைக்கிள்தானே, அப்பவே எழுதித் தாறன். வெள்ளிக்கிழமை வாணி விழா. பத்தரைக்குப் பூசை. அதுக்கு முதல் வந்திடுங்கோ."

எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அவனையும் என்னையும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி றோட்டில் ஓடக்கூடாது. இன்சூரன்ஸ் எடுப்பதென்றால் வண்டி றோட்டால் போக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் சின்ன லொறி ஓடுகிற சிவராசா அண்ணையைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை கிளிநொச்சிக்குத் தேங்காய் ஏற்றப் போகிறார், வண்டியையும் ஏற்றுவார் என்று ஒப்பந்தம்.

வியாழக்கிழமை பின்னேரம் நான்கு பெரிய போல்ட்டுகளைக் கழற்றினேன். தொட்டில் கிணற்றடி வேம்பின் கீழ் தனியாக இருந்தது. மோட்டார் சைக்கிள் மெலிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் மாதிரி நின்றது.

"இதை இஞ்சயே விட்டிட்டுப் போறாய்?" என்று அம்மா கேட்டார்.

"ஒரு நாளைக்குத்தானே அம்மா."

"ம்," என்றார். அந்த 'ம்'மைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. நான் கொப்பியில் படம் கீறிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாகச் சைட்காரோடு ஓடியிருக்கிறேன். சைட்கார் இருந்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், அதற்காக ஹாண்டிலை எதிர்ப்பக்கம் பிடித்துப் பழகியிருக்கிறேன், இனி அப்படிப் பிடிக்கக்கூடாது, வளைவில் உடம்பைச் சரிக்க வேண்டும்... எல்லா விசைக்கும் அம்புக்குறி போட்டுவிட்டேன். கொப்பியில் ஒரேயொரு உறுப்பைத்தான் கீற மறந்தேன். அது என் இடது கால்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு சிவராசா அண்ணை கந்தோர் வளவு வாசலில் வண்டியை இறக்கினார்.

"உருட்டிக்கொண்டு போ பிள்ளை, இருபது யார் தூரந்தானே," என்றார்.

உருட்டுவதா? உள்ளே வாழைமரம் கட்டி, தோரணம் தொங்க, விறாந்தையின் முன்னால் ஒரு மேசையில் சரஸ்வதி படம் வைத்து, அதற்கு முன்னால் கும்பம் வைத்து, சேலை கட்டிய ஊழியர்களும் வேட்டி கட்டிய ஊழியர்களுமாக ஒரு சபையே நிற்கிறது. இரண்டு மாதம் துரு சுரண்டிய நான் உருட்டிக்கொண்டு போவதா? உதைத்தேன். இருமியது, தும்மியது, பிடித்தது. சபை முழுதும் திரும்பிப் பார்த்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த இருபது யார் தூரமும் நான் அழகாகத்தான் ஓடினேன். ஹாண்டில் ஆடவில்லை. மேசைக்குப் பக்கத்தில், சரியான இடத்தில், பிறேக்கை மெதுவாக அழுத்தி நிறுத்தினேன். பிரதீபன் வாயைத் திறந்தபடி நின்றான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன்.

சைட்கார் உள்ள வண்டியை நிறுத்தினால் காலை நிலத்தில் வைக்கத் தேவையில்லை. மூன்று சில்லு, அது தானாக நிற்கும். இரண்டு மாதமாக நான் ஒரு தடவையும் காலை வைத்ததில்லை. அன்றும் வைக்கவில்லை.

வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு, தொட்டில் இருக்க வேண்டிய இடப்பக்கமாக, அவசரமே இல்லாமல் சரியத் தொடங்கியது. நான் சிரித்தபடியே சரிந்தேன். அதுதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. "அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் சிரிச்சுக்கொண்டுதான் விழுந்தது," என்று பிறகு பல பேர் சொன்னார்கள். மேசை, அவல் சட்டி, கடலைத் தட்டு, கும்பம், நான், எனக்கு மேல் வண்டி என்ற ஒழுங்கில் எல்லாம் நிலத்துக்கு வந்தன. சரஸ்வதிக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. படம் சறுக்கிப்போய் விறாந்தைச் சுவரில் சாய்ந்து நிற்க, அவா வீணையை விடாமல் அப்படியே இருந்தா. கும்பத்துத் தேங்காய் உருண்டு உருண்டு போய் ஒரு சோடிச் செருப்பில் முட்டி நின்றது. அந்தச் செருப்பு கந்தோர் முகாமையாளருடையது.

அவா கண்ணாடியைச் சரிசெய்தா. "பிள்ளை, அடி பட்டதோ?"

"இல்லை மேடம்."

"அப்ப எழும்புங்கோ. அவலுக்கு மேல இருக்கிறீங்கள்."

வாசலில் சிவராசா அண்ணை லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு பஸ் ஸ்ராண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். அதோடு அவர் தேங்காய் ஏற்றப் போய்விட்டார்.

முழங்கைக்கு மருந்து போட்டார்கள். மிஞ்சிய கடலையில் ஒரு பிடி எனக்கும் தந்தார்கள். வேறு கும்பம் வைத்துப் பூசையும் நடந்தது. முன்வரிசையில் நின்று, இனி எந்த வித்தையும் எனக்கு வராது என்ற நிச்சயத்தோடு கும்பிட்டேன். பூசை முடிந்ததும் முகாமையாளர் என் வண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தா. பொலிஸுக்குக் கொடுக்கப் போகிறா என்று நினைத்தேன். அவா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தா.

"பிரதீபன், இஞ்ச வாரும். இதை வாசியும்."

பழைய மையில், சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில், யாரோ ஒரு கிளாக்கர் நிதானமாக எழுதியிருந்தார்: சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள்.

"எழுதிக் கிடக்குது. வகுப்பு மோட்டார் சைக்கிள்தான். அந்தப் பெட்டிக்குள்ளயே புள்ளடி போட்டுட்டு, பக்கத்தில சைட்கார் எண்டு ஒரு சொல் எழுதினாச் சரி. ஏன், நீங்கள் ரெண்டு பேரும் புத்தகத்தைத் திறந்து பாக்கேல்லையோ?"

பிரதீபன் என்னைப் பார்த்தான். நான் கடலையைப் பார்த்தேன். அப்பா எறிகணைக்குள்ளால் காவிக்கொண்டு வந்த புத்தகம் அது. நான், படித்த பிள்ளை, நம்பர் இருந்த முதல் பக்கத்துக்கு மேல் ஒருநாளும் புரட்டியதில்லை.

"அப்ப இப்ப தருவீங்களோ மேடம்?"

"எப்பிடித் தாறது? புத்தகத்தில சைட்கார் இருக்கு. வண்டியில இல்லையே. புத்தகத்தில உள்ளபடி பூட்டிக்கொண்டு திங்கட்கிழமை வாங்கோ."

"திங்கட்கிழமை வண்டி கொழும்பில நிக்கும் மேடம்," என்றேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், லொறி, லான்ட்மாஸ்டர், பலாப்பழம் உட்பட.

அவா மணிக்கூட்டைப் பார்த்தா. "கந்தோர் நாலு மணிக்குத்தான் பூட்டுவம்," என்று மட்டும் சொன்னா.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, தொட்டில் இல்லாட்டி ஏலாதாம். நாலு மணிக்கிடையில வேணுமாம்."

"உனக்கு அடி பட்டதோ?"

"முழங்கை உரஞ்சினது."

"வண்டிக்கு?"

"ஒண்டுமில்லை."

"கும்பத்துக்கு?" (செய்தி கொண்டுபோவதில் சிவராசா அண்ணையின் வேகம் அப்படி.) நான் பதில் சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது.

விற்கத்தானே அவருக்கு விருப்பம், ஏன் வரப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு மணி ஆனது. மூன்று மணி ஆனது. பிரதீபன் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் குற்றவாளி மாதிரி தள்ளி நின்றான். மூன்றரைக்கு வாசலில் சிவராசா அண்ணையின் ஹோர்ன் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

லொறியின் திறந்த பின்பக்கத்தில் தொட்டில் இருந்தது. தொட்டிலுக்குள் அம்மா இருந்தார். நல்ல சேலை, மடியில் கைப்பை, விரித்த குடை. பக்கத்தில் அப்பா ஒரு கையால் தொட்டிலையும் மறு கையால் குடைக்கம்பையும் பிடித்தபடி நின்றார். தேரில் சாமி வருகிறது என்று நினைத்து றோட்டால் போன ஒரு கிழவர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"இதென்னப்பா?" என்றேன்.

"தொட்டிலைத் தூக்குவமெண்டு போனன். கொம்மா ஏறி இருக்கிறா. இறங்கச் சொன்னன், இறங்கேல்லை. கொழும்புக்காரனுக்குக் குடுக்கத்தானே தூக்குறீங்கள் எண்டா. இல்லையடி, இன்சூரன்சுக்கெண்டன். நம்பேல்லை." அப்பா முகத்தைத் துடைத்தார். "நேரம் போகுது. அதுதான் ஆளோட சேர்த்து ஏத்தினன்."

அம்மா குடையை மடக்கினார். அந்த வாரம் முழுதும் சொல்லாததை, ஒரு இன்சூரன்ஸ் கந்தோருக்கே கேட்கும்படி சொன்னார்: "முள்ளியவளையில வைச்சு ஏத்தேக்குள்ள எங்கட ஐயாட்டைக் கேட்டுத்தானே ஏத்தினனீங்கள்? இறக்கிறதெண்டா என்னட்டைக் கேட்டெல்லோ இறக்க வேணும்?"

அப்பா அம்மாவைக் கைபிடித்து இறக்கினார். சேட்டுக் கையை மடித்தார். பல வருடமாக அந்த வண்டியைத் தொடாத மனிதர், ஒரு போல்ட்டையும் தேடாமல், கை போன பக்கமே பார்க்காமல், பத்து நிமிடத்தில் தொட்டிலைப் பூட்டி முடித்தார். பிரதீபன் நான்கு பக்கமும் படம் எடுத்தான். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க முகாமையாளர் இன்சூரன்ஸ் காகிதத்தை என்னிடம் தரவில்லை, அப்பாவிடம் கொடுத்தா. அப்பா அதை வாசித்துவிட்டு மடித்து, புத்தகத்தின் மூன்றாம் பக்கத்துக்குள் வைத்தார்.

சனிக்கிழமை கொழும்புக்காரர் லொறியோடு வந்தார். வண்டியை ஏத்துவமோ என்று கேட்டார். "இல்லை, இன்சூரன்ஸ் எடுத்தாச்சு," என்றார் அப்பா, ஏதோ தானே ஓடியாடி எடுத்த மாதிரி. வந்தவர் தேத்தண்ணி குடித்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போனார். லான்ட்மாஸ்டர் வர இன்னும் மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் உழவுக்கு ஆள் பிடித்தபோது அப்பா ஒரு சொல் குறைப்படவில்லை.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். புவியீர்ப்பு மையம் பாடம் வரும்போது பின்வரிசை வாங்கில் யாராவது இருமுவார்கள். (அதில் ஒருவன் சிவராசா அண்ணையின் மகன்.) அந்தக் கந்தோரில் இன்றும் வாணி விழாவுக்கு அதே செம்பில்தான் கும்பம் வைக்கிறார்கள், நெளிந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி. பூசைக்கு முதல் நாள் பிரதீபன் தவறாமல் போன் எடுப்பான்: "மிஸ், மேசையை உள்ளுக்கு வைச்சிட்டம். நீங்கள் பயமில்லாமல் வரலாம்."

ஒவ்வொரு வருடமும் இன்சூரன்ஸ் புதுப்பிக்க நாங்கள் மூன்று பேரும் வண்டியிலேயே போகிறோம். அப்பா ஓட்டுவார், அம்மா தொட்டிலில், நான் அப்பாவுக்குப் பின்னால். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்த வாகனம் முன்னர் ஏதும் விபத்துக்கு உள்ளானதா? பேனையைப் பிடித்துக்கொண்டு பிரதீபன் என்னைப் பார்ப்பான். நான் அப்பாவைப் பார்ப்பேன். அப்பா கூரையைப் பார்ப்பார்.

அம்மாதான் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லுவார்.

"இல்லைத் தம்பி. விபத்தெண்டு ஒண்டுமில்லை. ஒருக்கா வாணி விழாவுக்கு வந்து சரஸ்வதிக்கு முன்னால விழுந்து கும்பிட்டது. அவ்வளவுதான். இல்லையெண்டே எழுதும்."